மூன்றில் எது வேறு

கேள்விக்காரியால் மூன்று பொருட்களைச் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. காய்கறிக் கடையில் மூன்று கூடைத் தக்காளி இருந்தால் போதும், "இதுல எந்த ரெண்டு கூடை ஒரே மாதிரி? மூணாவது எதனால வேற?" என்று ஆரம்பித்துவிடுவாள். கடைக்காரர் முதலில் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்தார். பிறகு தெருமுனையில் அவள் தலை தெரிந்ததுமே ஒரு கூடையை உள்ளே இழுத்து வைத்துவிடப் பழகிக்கொண்டார்.

இது பிறவிக் கோளாறு இல்லை, தொழில் கொடுத்தது. இன்று கணினிக்கு லட்சக்கணக்கான படங்களைக் கொட்டினால் அதுவே எதையோ கற்றுக்கொள்கிறது. அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த வசதி கிடையாது. ஒரு வேலையில் கரை கண்டவரைப் பிடித்து உட்கார வைத்து, அவர் மண்டைக்குள் இருப்பதை 'இப்படி இருந்தால் இப்படிச் செய்' என்று விதி விதியாக எழுதி இயந்திரத்துக்கு ஊட்ட வேண்டும். சொல்வதற்கு என்ன, சுலபம்தான். ஆனால் கரை கண்டவர்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள்: "பாத்தா தெரியும்." பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டால், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி முகத்தைச் சுளித்தார்கள்.

அதற்காகத்தான் ஒரு மென்பொருள் வந்தது. ஆட்களின் வாயைக் கிளறுவதால் ஆபீஸில் அதற்குக் 'கிளறி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கிளறி எதையும் நேராகக் கேட்காது. மூன்று பொருளைக் காட்டும். இதில் எந்த இரண்டு ஒன்று, எது வேறு, எதனால் வேறு என்று கேட்கும். ஆள் யோசிக்காமல் ஒன்றை ஒதுக்குவார். ஏன் ஒதுக்கினோம் என்று அப்புறம்தான் யோசிப்பார். அந்த யோசனையில்தான் சரக்கு வெளியே வரும். இப்படியே மூன்று மூன்றாகக் காட்டிக்கொண்டே போனால், அவருக்கே தெரியாமல் அவருக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் வந்து உட்கார்ந்திருக்கும்.

கிளறியைப் பிடித்து வேலை செய்கிறவர்களுக்கு ஆபீஸில் கற்றுக்கொடுத்த ஒழுக்கம் கொஞ்சம்தான். சொல்கிறவரைத் திருத்தக் கூடாது. அவர் வாயில் நம் வார்த்தையைத் திணிக்கக் கூடாது. ஒரு பதிலோடு விட்டுவிடவும் கூடாது, 'வேற எப்படி வேற?' என்று இன்னொரு தரம் கேட்க வேண்டும். கேள்விக்காரி இதையெல்லாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கிளறிக்கு ஒரு முரட்டுக் குணம் இருந்தது. மூன்றும் ஒன்றுதான் என்று சொல்ல அதில் இடமில்லை. தெரியாது என்று சொல்லவும் இடமில்லை. மூன்றில் ஏதாவது ஒன்றை வெளியே தள்ளினால்தான் அடுத்த திரை வரும். அந்தக் குணத்தை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவளும்தான்.

பாட்டில்காரரை அவள் பார்த்தது ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில். கழித்துக்கட்டும் பாட்டில் ஒவ்வொன்றும் எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்கும் பிரிவுக்கு அவர் தலைவர். கண்ணாடியைப் பற்றிப் பெரிய படிப்பெல்லாம் படித்தவர்தான். ஆனால் அவரும் முதல் நாள், "பாத்தா தெரியும்ங்க. இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?" என்றுதான் ஆரம்பித்தார்.

அவள் கெட்டுப்போன மூன்று பாட்டில்களை அவர் மேஜையில் வரிசையாக வைத்தாள். கிளறியின் கேள்வியைக் கேட்டாள். அவர் கை தானாகப் போய் ஒன்றைத் தள்ளி வைத்தது.

"இது ரெண்டும் உலையிலேயே கெட்டது. அது அச்சுல கெட்டது."

"எதனால அப்படிச் சொல்றீங்க?"

"இதுக்குள்ள குமிழி இருக்கு, அதுக்குள்ள உருகாத கல்லு இருக்கு. அந்த மூணாவதுல வெளித்தோல்தான் சுருங்கியிருக்கு. அச்சு சூடாகறதுக்குள்ள அவசரப்பட்டு வார்த்திருக்காங்க."

"வேற எப்படி வேற?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்படி ஒருவரும் அவரை இரண்டாவது தரம் கேட்டதில்லை. வீட்டிலும் இல்லை, வேலையிலும் இல்லை. அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், அப்புறம் அவரை எழுப்ப முடியவில்லை. இருக்கிற கெடுதல்கள் தீர்ந்துபோனதும், இல்லாத கெடுதல்களை உண்டாக்கிக்கொண்டு வந்தார். பாட்டிலின் அடியில் ஒரு கெடுதல், கழுத்தில் ஒரு கெடுதல், மூடி உட்காரும் இடத்தில் ஒரு கெடுதல். முடிய வேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போனது. எதனால் இழுக்கிறது என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரிந்திருந்தது, கேள்விக்காரியைத் தவிர. கேட்டால்தானே தெரியும்? அதைப் பற்றி அவள் யாரையும் கேட்கவில்லை.

கடைசியில் எல்லா விதிகளையும் ஏற்றி, மேலாளர் முன்னால் ஓட்டிக் காட்டினார்கள். இயந்திரம் பாட்டிலைப் பற்றிச் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டே வந்தது. நடுவில் சம்பந்தமே இல்லாமல் திரையில் ஒரு வரி வந்து நின்றது: 'கேள்வி கேட்பவர் களைத்திருந்தால் டீ வாங்கித் தரவும்.' அவள் எழுந்து போன சமயம் பார்த்துப் பாட்டில்காரர் தட்டிவிட்டிருக்கிறார். மேலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பாட்டில்காரர் அசடு வழிய ஜன்னலைப் பார்த்தார். அவளுக்குக் காது மடல் வரை சிவந்துபோனது. ஆனாலும் அழிக்கவில்லை. சொல்கிறவரைத் திருத்தக் கூடாது என்பது விதியாயிற்றே.

டீ வாங்கித் தந்தார். கல்யாணமும் செய்துகொண்டார்கள். அதற்கப்புறம் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'கேள்வி' என்றுதான் கூப்பிடுவார். "ஏ கேள்வி, சாப்பிட்டியா?" "கேள்வி, என் சட்டையப் பாத்தியா?" விருந்தாளிகளுக்கு இது விசித்திரமாக இருக்கும். அவளுக்கு அது தாலாட்டு மாதிரி.

ஒரு மகள் பிறந்தாள். இந்தத் தாயிடம் வளர்வது லேசான காரியமா? பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எந்த இரண்டு டீச்சர் ஒரே மாதிரி என்பதிலிருந்து விசாரணை தொடங்கும். அந்தப் பிள்ளை தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தது. அம்மா வாயைத் திறப்பதற்குள் தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடும். செருப்பைக் கழற்றும்போதே கதை ஆரம்பமாகிவிடும். அப்படியே வளர்ந்து, நிறுத்தாமல் பேசுகிற ஒரு பெண்ணாகிவிட்டாள். அப்பாவுக்கு அந்தப் பேச்சு உயிர்.

பாட்டில்காரருக்கு ஓய்வுக்குப் பிறகும் பழக்கம் போகவில்லை. எண்ணெய் பாட்டிலோ மருந்து பாட்டிலோ எது வீட்டுக்குள் வந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ம், பரவால்ல" என்றோ "சே, என்ன வேலை செய்யறானுங்க" என்றோ சொல்லிவிட்டுத்தான் கீழே வைப்பார். ஒருநாள் சாப்பிடும்போது தண்ணீர் பாட்டிலை அப்படித் தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் பிடித்தபடியே இருந்தார். எதற்காகத் தூக்கினோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. கேள்விக்காரி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. மகளைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தெரு மறந்தது. 'கேள்வி' என்று கூப்பிடுவது குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. ஒரு காலையில் அவள் ஆபீஸுக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போது, அவர் மரியாதையாக எழுந்து நின்று, "நீங்க எங்கேருந்து வர்றீங்க?" என்றார்.

அவள் அன்று முழுவதும் ஆபீஸில் எதிரே இருந்த திரையை வெறித்துக்கொண்டிருந்தாள். தான் யார் என்று அவருக்குத் தெரிகிறதா, இல்லையா? உலகத்தில் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

டாக்டர் நல்ல மாதிரி. பொறுமையாகத்தான் சொன்னார்.

"அவர்கிட்ட கேள்வி கேக்காதீங்கம்மா. நான் யாரு, இது என்ன கிழமைன்னு சோதிக்க வேண்டாம். பதில் தெரியலன்னா அவருக்கு அது பெரிய கஷ்டம். சும்மா பேசிக்கிட்டு இருங்க."

"கேக்காம எப்படி டாக்டர் பேசறது?"

டாக்டர் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அம்மா நிஜமாகவே கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

முயன்று பார்க்காமல் இல்லை. ஒரு மாலை பாட்டில்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மனதுக்குள் ஒரு வாக்கியத்தைச் சரிபார்த்து, முற்றுப்புள்ளி வைத்து, வெளியே விட்டாள்.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி."

அவர் தலையாட்டினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"நேத்தைக்கு இவ்வளவு இல்ல," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இல்லையா?" என்று வால் நீண்டுவிட்டது. அவர் முகம் உடனே இறுகியது. நேற்று வெயில் எப்படி இருந்தது என்று தேடித் தேடிப் பார்த்தார். விரல்கள் சட்டைப் பித்தானைத் திருக ஆரம்பித்தன. உள்ளேயிருந்து மகள் ஓடி வந்து, "அப்பா, இன்னைக்கு பஸ்ல ஒருத்தர் தூங்கித் தூங்கி என் தோள் மேலயே சாஞ்சிட்டாருப்பா, நானும் பாவமேன்னு விட்டுட்டேன், கடைசில பாத்தா நான் இறங்க வேண்டிய இடம் போயிடுச்சு" என்று அவிழ்த்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் என்றால் என்ன என்பது நினைவிருந்ததோ என்னவோ, சிரிப்பு நிஜமாக இருந்தது.

பகலில் அவருக்குத் துணையாக இருக்க வரும் பெண்ணும் அதே ரகம்தான். முன்பு தையல் கடையில் இருந்தவள். துணியை மடித்துக்கொண்டே சுருதி சேராமல் ஏதாவது முனகுவாள், அவர் தாளம் போடுவார். இந்த இரண்டு பேருக்கும் எந்தக் கருவியும் இல்லாமல் வந்தது, ஆட்களிடமிருந்து விஷயத்தை வாங்குவதையே தொழிலாக வைத்திருந்தவளுக்கு வரவில்லை. கேள்விக்காரிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், மனுஷிதானே.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை நாள் நேராகக் கேட்டோம், நேராகக் கேட்டால் எந்தக் காலத்தில் யார் சொல்லியிருக்கிறார்கள்? கரை கண்டவர்களே 'பாத்தா தெரியும்' என்பதற்கு மேல் சொல்லத் தெரியாமல்தானே உட்கார்ந்திருந்தார்கள்? அவர்களுக்குத் தெரியாமலா போயிற்று? அவருக்குள் எல்லாம் இருக்கிறது. கேட்கிற விதத்தில் கேட்கவில்லை.

பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினாள். தொழிற்சாலையிலிருந்து அவர் ஆசையாகக் கொண்டுவந்து வைத்திருந்த கெட்ட பாட்டில்கள் அதில் இருந்தன. மூன்றைத் துடைத்து அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். பழைய கேள்வியைப் பழைய குரலிலேயே கேட்டாள்.

பாட்டில்காரர் குனிந்து பார்த்தார். கை தானாகப் போனது. ஒன்றைத் தள்ளி வைத்தது.

"இது ரெண்டும் உலையிலேயே கெட்டது."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "வேற எப்படி வேற?" என்றாள். மூன்றாவது பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, "சே, அவசரப்பட்டிருக்கானுங்க," என்றார் அவர். அன்றைக்கு அந்த வீட்டில் கேள்விக்காரியைப் போலச் சந்தோஷமாக யாரும் இல்லை. மகளுக்கு ஃபோன் போட்டு, "இருக்குடி, எல்லாம் உள்ளேயே இருக்கு," என்று கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மேஜையில் புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மகள் பார்த்துவிட்டாள். மூன்று படங்கள். மகளுடையது ஒன்று, துணைக்கு வரும் பெண்ணுடையது ஒன்று, அவளுடையது ஒன்று. தனியாக எடுத்த படம் வேறு கிடைக்காததால் ஆபீஸ் அட்டைக்காக எடுத்த படத்தையே வைத்திருந்தாள்.

"என்னம்மா பண்ணப் போற?"

"நீயும் நானும் வீட்டு ஆளுங்க. அவ வேலைக்கு வர்ற பொண்ணு. அவளத்தான் தள்ளி வைப்பாரு, பாரேன். அப்போ என்னைத் தெரியுதுன்னுதானே அர்த்தம்?"

"அம்மா, வேணாம்மா."

"ஏன்டி? பாட்டில் ஞாபகம் இருக்கே அவருக்கு."

"நீதானேம்மா சின்ன வயசுலேருந்து எனக்கு சொல்லியிருக்க. மூணுல ஒண்ணு வெளிய போயே ஆகணும்னு. போறது யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கேள்விக்காரி கேட்டுக்கொண்டாளா? வாழ்நாள் முழுக்கக் கேட்டே பழகியவளுக்கு, பதிலைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் கொஞ்சம் குறைவு. படங்களை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள். மகள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

சிறிய முக்காலியை இழுத்துப் போட்டு மூன்று படங்களையும் வைத்தாள். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். வேலைக்கு உட்காருவது போலத்தான் இருந்தது.

"இதுல எந்த ரெண்டு ஒண்ணு? எது வேற?"

இந்த முறை கை உடனே போகவில்லை. ஒவ்வொரு படமாகக் கிட்டத்தில் எடுத்துப் பார்த்தார். மகள் படத்தைப் பார்த்துச் சிரித்தார். துணைக்கு வரும் பெண்ணின் படத்தைப் பார்த்துச் சிரித்தார். இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்தார். மீதி இருந்த படத்தை ஒரு விரலால், மரியாதையாக, முக்காலியின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

"இவங்க வேற."

ஆபீஸ் படத்தின் விறைப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று ஒரு நொடி நினைத்தாள். அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. அவர் படத்தைப் பார்த்தார், அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே இது?" என்றார்.

"ஆமாங்க," என்றாள். "எதனால வேற?"

"இந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரும் இங்கேயே இருப்பாங்க. பேசிக்கிட்டு, பாடிக்கிட்டு. நீங்க கேள்வி கேக்க வர்றவங்க. வேலை முடிஞ்சதும் கிளம்பிடுவீங்க."

நான் உங்க பொண்டாட்டிங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சொல்கிறவரைத் திருத்தாமல் இருந்து இருந்து அவள் தாடை அப்படியே பழகிப்போயிருந்தது. திருத்தினால்தான் என்ன ஆகும்? அவர் பாவம், சரிங்க என்பார். அது அவளுடைய பதில், அவருடையது ஆகாது. வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தாள்.

"வேற எப்படி வேற?"

அவர் யோசித்தார். ஏனோதானோ என்று இல்லை. அந்தக் காலத்தில் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அப்படி யோசித்தார். விரல்கள் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தன.

"நீங்க வந்தா எனக்கு பயமா இருக்குங்க," என்றார். "பதிலைத் தப்பா சொல்லிடுவேனோன்னு."

கதவருகில் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கேள்விக்காரி வாங்கிய பதில்களிலேயே சுத்தமான பதில் அது. யாரும் திணிக்காதது, யாரும் திருத்தாதது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று பாட்டில்காரருக்குப் பட்டிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "களைச்சுத் தெரியறீங்களே. ஒரு டீ குடிச்சிட்டுப் போறீங்களா?" என்றார்.

மகளுக்கு அந்தக் கதை தெரியும். எத்தனையோ தரம் கேட்டுச் சிரித்த கதை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, பாத்தியா, அப்பாவுக்கு ஞாபகம்..." என்று ஆரம்பித்தாள். கேள்விக்காரி வேண்டாம் என்று தலையசைத்தாள். அன்று காலை அடுப்புக்கு கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடமும் அவர் இதையேதான் கேட்டார். அதற்கு முந்தின வாரம் குழாய் ரிப்பேர்காரரிடம். இதை வைத்து எந்த விதியும் எழுத முடியாது. அவளுக்கு அது தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"குடிக்கிறேங்க," என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. கேள்வி கேட்டது அவர், பதில் சொன்னது அவள். அவருக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. மகள் போட்டுக் கொடுத்த டீயை இரண்டு பேரும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏதாவது பேச வேண்டும் என்று கேள்விக்காரிக்கு இருந்தது. சர்க்கரை போதுமா, சூடு சரியா இருக்கா, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேள்வியாகவே வந்தது. ஒவ்வொன்றையும் விழுங்கினாள். அவர் பயப்படாமல் டீயைக் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசாமல் அவர் பக்கத்திலேயே இருந்தாள்.